நடந்தும் வாகனத்திலும்: ஓர் உம்ரா நாட்குறிப்பு

வியாழன், சென்னையிலிருந்து மதீனா

உம்ரா என்பது மக்காவுக்குப் போகும் சிறிய புனிதப் பயணம். அதன் வழிகாட்டி வகுப்புகளில் தவாஃப் (கஅபாவை ஏழு முறை சுற்றுவது), ஸஃயு (ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு நடை நடப்பது), முடி களைவது எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லித் தருவார்கள். கடைசியில், "நடக்க முடியாதவர்கள் வீல்சேர் எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி வரும், அத்தோடு வகுப்பு முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது என்பதை நாளுக்கு நாள் இங்கே எழுதலாம் என்று இருக்கிறேன்.

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இடது கால் முழுக்கப் போய்விட்டது. வலது காலில் பாதி பலம் இருக்கிறது. இடது காலுக்குத் தொடையிலிருந்து பாதம் வரை காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கி, இரண்டு கைக்கும் ஊன்றுகோல். வீட்டுக்குள்ளும் பள்ளிவாசல் வரைக்கும் இவற்றோடு நடப்பேன். அதற்கு மேல் என்றால் வீல்சேர்.

மக்காவுக்குப் போக வேண்டும் என்று நான் வாய் திறக்கும்போதெல்லாம் உறவில் யாராவது ஒருவர், "உனக்கு மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது. பதல் கொடுத்து, உனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பிவிட்டால் போதுமே" என்பார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் கேட்டுக் கேட்டு, அந்தச் சலுகை என்ற சொல்லே வாசலில் போட்ட தாழ்ப்பாள் மாதிரி ஆகிவிட்டது. இந்த வருடம் என் அக்கா மகன், "மாமா, தள்ளுவதற்கு நான் வருகிறேன், கிளம்புங்கள்" என்றான். மனைவி அன்றைக்கே பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துவிட்டாள்.

விமானப் பயணம் பற்றிச் சில விஷயங்கள். டிக்கெட் போடும்போதே வீல்சேர் உதவி வேண்டும் என்று பதிந்துவிட வேண்டும். சொந்த வீல்சேரை விமான வாசல் வரை கொண்டுபோகலாம், அங்கே வாங்கிக்கொண்டு இருக்கை வரைக்கும் ஒடுக்கமான வேறொரு நாற்காலியில் தள்ளிப் போவார்கள். அதற்கு முன் கால்மிதிகளைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாமான்களோடு போனால் தொலைவது அவைதான். பாதுகாப்புச் சோதனையில் காலிப்பரின் இரும்பு கத்தாமல் இருக்காது. எல்லார் முன்பும் கழற்றச் சொன்னால் தனி அறை கேளுங்கள், தருவார்கள்.

ரியாதில் விமானம் மாறி மதீனா வந்து சேர்ந்தோம். வீங்கிய பாதத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஜன்னல் வழியே நபியின் பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவியின் மினாரா ஒன்று தெரிகிறது. தூக்கம் வரவில்லை.

வெள்ளி, மதீனா

சமதளம். இன்றைக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது அதுதான். நபவியின் முற்றம் முழுக்க வழவழப்பான சலவைக்கல். படி இல்லை, பள்ளம் இல்லை. ஊரில் நான் தொழும் பள்ளியில் ஏழு படி ஏற வேண்டும். இங்கே வீல்சேர் தானாகவே உருளுகிறது. மருமகன் ஒரு விரலால் தள்ளிக் காட்டினான்.

ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) மட்டும் எனக்கு நேரம் பிடிக்கிற வேலை. காலைக் கழுவ வேண்டுமானால் பட்டைகளை அவிழ்த்து, முழங்கால் பூட்டை எடுத்து, காலிப்பரைக் கழற்ற வேண்டும். கழுவித் துடைத்து, ஈரம் போன பிறகு மறுபடி மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தோல் உரிந்துவிடும். அதனால் அறையிலேயே உட்கார்ந்து ஒளு செய்துவிட்டுக் கிளம்புகிறேன். ஒரு தொழுகைக்குச் செய்த ஒளுவை அடுத்த தொழுகை வரைக்கும் காப்பாற்றப் பார்க்கிறேன். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். இந்த வெயிலில் அது ஆபத்து.

ஜும்ஆ என்ற வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். முற்றத்தில் 250 பெரிய குடைகள் இருக்கின்றன. வெயில் ஏறும்போது அவை மெதுவாக விரிகிற காட்சியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். வீல்சேரை ஸஃப்பின் (தொழுகை வரிசையின்) ஓரத்தில் நிறுத்திக்கொண்டால் பின்னால் நிற்பவருக்கும் இடைஞ்சல் இல்லை. உட்கார்ந்தே தொழுதேன். மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) கேட்டபோது, "நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து தொழு, அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழு" என்று நபி (ஸல்) சொன்னது புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. ஒரு நோயாளி கூச்சப்படாமல் தன் நோயைச் சொல்லிக் கேட்டதால், இத்தனை நூற்றாண்டுகளாக நாங்கள் குறுகுறுப்பு இல்லாமல் உட்கார்ந்து தொழுகிறோம். அவருக்காக இன்று துஆ செய்தேன்.

தொழுகை முடிந்து மருமகன் ஜம்ஜம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். ஒரு முதியவர் என் மடியில் பத்து ரியால் நோட்டை வைத்துவிட்டு நகர்ந்தார். கூப்பிட்டு, நெஞ்சில் கை வைத்து, வேண்டாம் என்று சைகை காட்டித் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. பையிலிருந்து இரண்டு பேரீச்சம்பழம் எடுத்து நீட்டினார். அதை வாங்கி அங்கேயே தின்றேன், அவர் முகம் மலர்ந்தது. ஊன்றுகோல் வைத்திருப்பவனுக்கு இது புதிதில்லை. ஊரில் நடந்தால் எனக்குக் கோபம் வரும். இங்கே வரவில்லை.

சனி, குபாவும் உஹதும்

நபி (ஸல்) ஒவ்வொரு சனிக்கிழமையும் குபா பள்ளிக்குப் போவார்கள் என்று இப்னு உமர் (ரலி) சொல்கிறார். எப்படிப் போவார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்: நடந்தும், வாகனத்திலும். மனைவிக்கு இந்த ஹதீஸ் மனப்பாடம். அதனால்தான் சனிக்கிழமை மதீனாவில் இருக்கும்படி தேதி பார்த்தாள்.

நபவியிலிருந்து குபாவுக்கு நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதில் பேட்டரி வண்டிகள் ஓடுகின்றன. நாங்கள் வண்டியிலேயே போய் இறங்கினோம். வீட்டில் ஒளு செய்துகொண்டு குபா வந்து இரண்டு ரக்அத் தொழுதால் ஓர் உம்ராவின் கூலி என்பது ஹதீஸ். தொழுதோம். கூட்டம் அதிகம் என்பதால் சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

ஆனால் இன்றைய நாள், நபியின் காலத்தில் போர் நடந்த உஹதுக்கு உரியது.

மதீனாவுக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளிச் செம்பழுப்பாக நீண்டு கிடக்கிறது மலை. அதன் முன்னால் அம்பெய்வோர் நின்ற சிறு குன்று. அருகில் ஷஹீதுகளின் (அந்தப் போரில் உயிர் துறந்தவர்களின்) அடக்கத்தலம், சுற்றிலும் கம்பி வேலி. வருகிறவர்கள் ஹம்ஸா (ரலி) அவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டுக் குன்றில் ஏறப் போய்விடுகிறார்கள். நான் இங்கே வந்தது இன்னொருவருக்காகவும்தான். அவர் அம்ர் இப்னுல் ஜமூஹ் (ரலி). கால் ஊனமானவர், கடுமையாக நொண்டி நடப்பவர். அவருக்கு நான்கு மகன்கள், நால்வரும் போருக்குப் போகிறவர்கள். உஹது நாளில் அவர்கள் தந்தையிடம், "அல்லாஹ் உங்களுக்குச் சலுகை தந்திருக்கிறான், வீட்டில் இருங்கள்" என்றார்கள். நான் வருடக்கணக்காகக் கேட்ட அதே வாக்கியம்.

அவர் நேராக நபியிடம் போனார். என் மக்கள் என்னைத் தடுக்கிறார்கள், இந்த நொண்டிக் காலோடு சொர்க்கத்தில் நடக்க ஆசைப்படுகிறேன் என்றார். நபி (ஸல்), உங்கள் மீது கடமையில்லை என்று அவரிடம் சொன்னார்கள். பிறகு மகன்களைப் பார்த்து, அவரைத் தடுக்க வேண்டாம் என்றார்கள். அவர் போனார், அன்றைக்கே ஷஹீதானார். அப்துல்லாஹ் இப்னு அம்ர் இப்னு ஹராம் (ரலி) என்ற தோழரோடு ஒரே கப்ரில் அடக்கப்பட்டார்.

வேலிக்கு முன்னால் வீல்சேரை நிறுத்தச் சொல்லி, முழங்கால் பூட்டைப் போட்டு, ஊன்றுகோலில் எழுந்து நின்றேன். இந்த இடத்தில் நின்று ஸலாம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் ஊரிலிருந்தே நினைத்துவந்தது. எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கை நடுங்கத் தொடங்கியதும் மனைவி, "என்னங்க, போதும், உட்காருங்க" என்றாள்.

திரும்பும்போது ஹஜ்ரத் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் குழுவை அழைத்து வந்திருக்கும் ஆலிம் (மார்க்க அறிஞர்) அவர். மனசில் இருந்ததை அவரிடம் கேட்டேன். "ஹஜ்ரத், ஒரு சுற்றாவது கஅபாவை என் காலால் நடந்து சுற்ற ஆசை. அம்ர் போனது போல."

அவர் உடனே இன்னொரு ஹதீஸைச் சொன்னார். ஒரு முதியவர் தன் இரு மகன்களின் தோளைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நடந்து வந்தார். நபி (ஸல்) என்னவென்று கேட்டார்கள். கஅபாவுக்கு நடந்தே போவதாக நேர்ச்சை செய்திருக்கிறார் என்றார்கள். "இவர் தன்னை வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை" என்று சொல்லி, வாகனத்தில் ஏறச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது.

இரவு இந்த இருவரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரைப் போக விட்டார்கள். மற்றவரை ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். இருவரில் ஒருவரையும் வீட்டுக்குத் திரும்பிப் போ என்று சொல்லவில்லை.

ஞாயிறு, மதீனா

நபவிக்குள் நபியின் அடக்கத்தலத்தை ஒட்டிய ரவ்ளாவுக்குப் போக நுஸுக் செயலியில் முன்பதிவு செய்ய வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு நேரம். மருமகன் வாரக்கணக்காகப் போனைத் தட்டித் தட்டி வாங்கியிருந்தான். உள்ளே இருந்தது சில நிமிடங்கள்தான். அதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை, முயலவும் போவதில்லை.

மற்றபடி இன்று ஓய்வு. நாளைக்கு இஹ்ராம், உம்ராவுக்கான தைக்காத உடையும் அதன் கட்டுப்பாடுகளும்.

திங்கள், துல்ஹுலைஃபா

மதீனாவிலிருந்து உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு மீகாத் (இஹ்ராம் கட்டும் எல்லை) துல்ஹுலைஃபா. பீர் அலி என்றும் சொல்வார்கள். இஹ்ராமில் காலிப்பர் போடுகிற ஆணுக்கு மூன்று சிக்கல்கள் உண்டு. தேடியவரைக்கும் யாரும் இதை எழுதிவைக்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது காலணி. ஆண்கள் இஹ்ராமில் கணுக்காலை மூடும் ஷூ போடக்கூடாது. காலிப்பரோ ஷூவில்தான் பொருத்தப்பட்டிருக்கும். ஊரிலேயே, எனக்குக் காலிப்பர் செய்து தருபவரிடம் சொல்லி, விரல்களும் குதிகாலும் திறந்திருக்கும் செருப்பு ஒன்றில் இரும்புப் பட்டைகளைப் பொருத்தி வாங்கினேன். ஒரு மாதம் வீட்டில் போட்டு நடந்து பார்த்தேன். ஷூ அளவுக்குப் பிடிப்பில்லை. ஆனால் வீல்சேரில் ஏறி இறங்கப் போதும்.

இரண்டாவது, தொடையில் கட்டும் தோல் பட்டை. அது தைக்கப்பட்டது, காலைச் சுற்றி இறுகப் பிடிப்பது. இது ஆடைக் கணக்கில் வராது, நடக்க உதவும் கருவிதான் என்று சொல்லும் ஆலிம்கள் இருக்கிறார்கள். தேவைக்காகப் போடலாம், ஆனால் பிதியா என்ற பரிகாரம் கொடுத்துவிடுவது பேணுதல் என்பார் எங்கள் ஹஜ்ரத். நாங்கள் ஷாஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு). பிதியா என்பது மூன்றில் ஒன்று: மூன்று நாள் நோன்பு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது ஓர் ஆடு. ஹுதைபிய்யாவில் இஹ்ராமில் இருந்த கஅப் இப்னு உஜ்ரா (ரலி) அவர்களின் தலையெல்லாம் பேன் விழுந்து முகத்தில் உதிர்ந்தபோது, மொட்டையடித்துக்கொள்ளச் சொல்லி இந்தப் பரிகாரத்தையும் நபி (ஸல்) சொன்னார்கள். உடம்பின் அவஸ்தையைப் பார்த்த இடத்திலேயே சட்டம் இளகியிருக்கிறது. நான் ஆறு பேருக்கு உணவு என்று முடிவு செய்தேன். உங்கள் ஊர் ஆலிம் வேறு மாதிரி சொல்லக்கூடும். புறப்படுவதற்கு முன்பே, காலிப்பரை நேரில் காட்டியே கேளுங்கள். வார்த்தையால் சொன்னால் அவர்களுக்குப் புரிவதில்லை.

மூன்றாவது, தோல் உரசல். வழக்கமாகப் பேண்ட்டுக்கு மேலேதான் பட்டையைக் கட்டுவேன். இஹ்ராமில் வெறும் தொடையில் படும். இரண்டு மணி நேரத்தில் புண்ணாகிவிடும். தைக்காத மெல்லிய பருத்தித் துணியைத் தொடையில் சுற்றி, அதன் மேல் பட்டையைக் கட்டினேன். தடவ வாஸ்லின் எடுத்துப்போனால் வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். இஹ்ராமில் வாசனை கூடாது.

பிறகு வேட்டியின் ஓரமும் மேல்துண்டின் முனையும். இரண்டும் வீல்சேர் சக்கரத்தில் சிக்கும். கீழ்த்துணியை இடுப்பு பெல்ட்டில் நன்றாகச் செருகி, மேல்துண்டின் முனையை மடியில் போட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஊன்றுகோல்களின் அடியில் மாட்டும் ரப்பர் புஷ்களைப் புதிதாக மாற்றினேன். ஹரமுக்குள் (கஅபா இருக்கும் பெரிய பள்ளிவாசலுக்குள்) அழுக்கோடு போகக்கூடாது, சலவைக்கல்லில் வழுக்கவும் கூடாது.

பஸ்ஸின் படிகள் மிக உயரம். பின்பக்கமாகப் படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறினேன். இப்படி ஏறுவதை முன்பெல்லாம் யாரும் பார்க்கக்கூடாது என்று நினைப்பேன். இன்று குழுவில் இருந்தவர்கள் தல்பியா என்ற உம்ரா முழக்கத்தைச் சொல்லியபடி காத்திருந்தார்கள். நானும் படியில் உட்கார்ந்தபடியே சொன்னேன். லப்பைக்கல்லாஹும்ம லப்பைக்.

செவ்வாய், மக்கா

ஐந்தாறு மணி நேரப் பஸ் பயணம். மக்கா வந்து சாமான்களைப் போட்டு, ஒளு செய்து, நள்ளிரவு தாண்டி ஹரமுக்குக் கிளம்பினோம்.

வீல்சேர்களைக் கஅபாவைச் சுற்றியுள்ள தரைத்தளத்துக்கு விடாமல் மேல்தளங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே வட்டம் பெரியது. தரைத்தளச் சுற்றைவிட ஒரு சுற்று பல மடங்கு நீளம். ஹரமிலேயே வீல்சேர்கள் கிடைக்கின்றன. தள்ளுவதற்குச் சீருடை அணிந்த ஆட்களைக் கட்டணத்துக்கு அமர்த்திக்கொள்ளலாம். பேட்டரி வண்டிகளும் உண்டு. என் சின்ன மாமனார் 2014ல் வந்தபோது கஅபாவைச் சுற்றி வளையமாக ஒரு தற்காலிகப் பாலம் இருந்தது. மதாஃபை (கஅபாவைச் சுற்றி வரும் இடத்தை) விரிவாக்கிய காலத்தில், 2013ல், வீல்சேர்க்காரர்களும் சுற்றுவதற்காகக் கட்டியது. 2016ல் எடுத்துவிட்டார்கள். அதற்கும் முந்தைய காலத்தில் முடியாதவர்களை மரத் தொட்டிலில் உட்காரவைத்துத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றியிருக்கிறார்கள். எப்போதுமே யாரோ ஒருவர் எங்களைச் சுமந்திருக்கிறார்கள்.

லிஃப்ட்டிலிருந்து வெளியே வந்ததும் மருமகன் ஓரமாக நிறுத்தினான். உட்கார்ந்த உயரத்தில் எனக்குத் தெரிந்தது முதுகுகளும் கைப்பிடிச் சுவரும்தான். முழங்கால் பூட்டைப் போட்டேன். அவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் பிடிக்க, எழுந்தேன்.

கீழே கஅபா.

என்னென்னவோ துஆக்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்து வந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது. மனைவி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஹஜருல் அஸ்வத் என்ற கறுப்புக் கல்லுக்கு நேரே பச்சை விளக்கு. அதுதான் தொடக்கக் கோடு. மருமகனும் இஹ்ராமில் இருந்ததால், இருவரும் அவரவருக்கு நிய்யத் (எண்ணம்) வைத்துக்கொண்டோம். சக்கரம் தரையில் உருளுவதால் இரண்டு பேர் தவாஃபும் நிறைவேறும் என்று ஹஜ்ரத் சொல்லியிருந்தார். வலது தோளைத் திறந்து, கையை உயர்த்தித் தக்பீர் சொல்லித் தொடங்கினோம்.

முதல் மூன்று சுற்றில் ஆண்கள் எட்டுவைத்து விரைந்து போவது சுன்னத்து, அதாவது நபிவழி. சரி, அது நமக்கு இல்லை என்று நினைத்திருந்தேன். மருமகன் திடீரென்று வேகம் கூட்டினான். "என்னப்பா?" என்றேன். "ஹஜ்ரத் சொன்னார் மாமா. சுமக்கப்படுகிறவருக்காகச் சுமப்பவர் விரைய வேண்டுமாம். வாகனத்தில் இருந்தால் வாகனத்தை விரட்ட வேண்டுமாம். கிதாபில் இருக்கிறதாம்." ஷாஃபி சட்ட நூல்களில் நவவி இமாம் போன்றவர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். எழுநூறு வருடங்களுக்கும் முன்னால் ஒருவர் உட்கார்ந்து, கால் வராதவனுக்கும் அந்தச் சுன்னத்து தவறிவிடக்கூடாது என்று யோசித்திருக்கிறார்.

நடுவில் நபியின் துணைவி உம்மு ஸலமா நாயகி நினைவுக்கு வந்தார். உடல்நலமில்லை என்று அவர் சொன்னபோது, "மக்களுக்குப் பின்னால், வாகனத்தில் அமர்ந்து தவாஃப் செய்" என்றார்கள் நபி (ஸல்). அவர் சுற்றிக்கொண்டிருந்தபோது நபி கஅபாவின் பக்கத்தில் தூர் அத்தியாயத்தை ஓதித் தொழுதுகொண்டிருந்தார்கள். நபியுமே இறுதி ஹஜ்ஜில் ஒட்டகத்தின் மீதிருந்து தவாஃப் செய்து, வளைந்த கோலால் ஹஜருல் அஸ்வதைத் தொட்டார்கள். என் மடியில் கிடந்த ஊன்றுகோலைப் பார்த்தேன். ஒரு சுற்றாவது நடக்க வேண்டும் என்ற ஆசை அப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. ஏழு சுற்றும் உட்கார்ந்தே முடித்தேன். மனதில் குறையே இல்லை.

அப்புறம் ஸஃயு. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏறத்தாழ 450 மீட்டர். ஏழு தடவையும் சேர்த்தால் மூன்று கிலோமீட்டருக்கு மேல். நடுவில் வீல்சேர்களுக்கு என்றே ஒதுக்கிய பாதை, போக ஒன்று, வர ஒன்று. தள்ளுகிறவர்கள் வேகமாக வருவார்கள், பக்கவாட்டில் கையைத் தொங்கவிடாதீர்கள், விரல் நசுங்கும். ஸஃயுக்கு ஒளு கட்டாயமில்லை, சுன்னத்துதான் என்பது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

பச்சை விளக்குகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் ஆண்கள் ஓட வேண்டும். இப்ராஹீம் நபியின் மனைவி ஹாஜரா நாயகி குழந்தைக்குத் தண்ணீர் தேடி ஓடிய இடம். பாதை அந்த நேரத்தில் காலியாக இருந்தது. மருமகன் குனிந்து என் காதில், "ஓடலாமா மாமா?" என்றான்.

ஓடினோம். என் வாழ்க்கையில் நான் ஓடியதில்லை. பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் ஓடும்போது அவர்களின் சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காற்று முகத்தில் அடிக்க, அவன் மூச்சு வாங்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்க, பச்சை விளக்குகள் பின்னால் போக, ஒவ்வொரு தடவையும் ஓடினோம். ஏழாவது தடவை மர்வாவில் வந்து நின்றபோது அவன் உள்ளங்கைகள் சிவந்து கன்றிப்போயிருந்தன. இஹ்ராமில் கையுறையும் போட முடியாது. அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு துஆ செய்தேன்.

அதிகாலைத் தொழுகையான சுபுஹு தொழுதுவிட்டுத் தலையை மழித்தோம். முடிதிருத்துபவர் நாற்காலியில் ஏற வேண்டாம் என்று சொல்லி, வீல்சேரிலேயே வைத்து வேலையை முடித்தார்.

புதன், மக்கா

உடம்பெல்லாம் வலி. தொடையில் ஓரிடத்தில் தோல் சிவந்திருக்கிறது, புண்ணாகவில்லை. இன்று காலிப்பர் போடவில்லை.

விடுதியைப் பற்றி. எங்களை அழைத்து வந்த நிறுவனம், ஹரமிலிருந்து நடக்கும் தூரம்தான் என்று சொல்லியிருந்தது. தூரம் உண்மைதான். அது செங்குத்தான ஏற்றத்தின் மேல் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. மக்கா மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஊர். முன்பணம் கட்டும்போது மூன்று கேள்விகளைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: வழி ஏற்றமா, விடுதி வாசலில் எத்தனை படி, குளியலறைக் கதவு எவ்வளவு அகலம். எங்கள் அறைக் குளியலறைக்குள் வீல்சேர் நுழையவில்லை. வாசலில் இறங்கி, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகிறேன். பணம் வாங்குகிறவர்கள் இதைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு மீட்டர் கணக்கைவிடச் சரிவின் கணக்குதான் முக்கியம்.

இறக்கத்தில் வீல்சேரை எப்போதும் பின்பக்கமாகத் திருப்பி இறக்க வேண்டும். தள்ளுகிறவர் கீழே, உட்கார்ந்திருப்பவர் முகம் மேலே. முன்பக்கமாக இறக்கினால் ஆள் கவிழ்ந்துவிடுவார். நேற்று இரண்டு பேருக்கு நிறுத்திச் சொல்லிக்கொடுத்தோம்.

வியாழன், மக்கா

அஸருக்குப் பிறகு மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். தூணில் சாய்ந்து ஓர் இளைஞன், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். காலை நீட்டி வைத்திருந்தான். சல்வாருக்குக் கீழே எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த இரும்புப் பட்டைகள். ஒரு கணம் திகைத்துவிட்டேன். இவ்வளவு சின்ன வயதில் காலிப்பரோடு ஒருவரை நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. இந்தியாவில் இயற்கை வகைப் போலியோ வைரஸ் கடைசியாக ஒருவரைத் தாக்கியது 2011ல். 2014ல் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. என் மருமகன் வயதுக்காரர்களுக்கு அது பாடப்புத்தக நோய்.

அவன் பெஷாவர் பக்கம். அங்கேயும் ஆப்கானிஸ்தானிலும் போலியோ இன்னும் ஒழியவில்லை. எனக்குத் தெரிந்த உருது பத்துச் சொல். அவன் என் காலிப்பரைத் தட்டிப் பார்த்தான். நான் அவனுடையதைப் பார்த்தேன். முழங்கால் பூட்டு பழைய மாதிரி, உட்காரும்போது இரண்டு கையாலும் இழுத்து எடுக்க வேண்டும். என் செருப்பு வேலையை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துப் போனில் படம் எடுத்துக்கொண்டான். இரண்டு வருடமாகச் சொட்டுமருந்து போடும் குழுவோடு வீடு வீடாகப் போகிறான், தன் காலைக் காட்டித் தாய்மார்களிடம் பேசுகிறான் என்று அவன் தம்பி உருதுவில் சொன்னதை ஹஜ்ரத் எனக்குத் தமிழில் சொன்னார். மக்ரிப் பாங்கு சொன்னதும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தொழுதோம்.

சனி, மக்கா

நேற்று ஜும்ஆ கூட்டத்தில் வேறெதற்கும் நேரமில்லை.

இன்று விடைபெறும் தவாஃப். இந்த வாரம் முழுக்க மனைவி என் வீல்சேருக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறாள். அந்த நீளமான மேல்தளச் சுற்றுகள், ஸஃயு, விடுதி ஏற்றம், எல்லாமே. அவளுக்கும் முழங்கால் தேய்மானம் உண்டு. இரவில் எண்ணெய் தேய்க்கும்போது மட்டும் தெரியும், பகலில் சொல்ல மாட்டாள். என் கணக்கில் எல்லோரும் நன்மை எழுதுகிறார்கள். நடக்க முடியாதவனோடு நடப்பவர்களின் கால் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

அதனால் இன்று பேட்டரி வண்டி எடுத்தோம். இருவர் உட்காரும் வண்டி. ஏறமாட்டேன், எனக்கென்ன கால் இல்லையா என்றாள். "உஹதிலிருந்து வரும்போது ஹஜ்ரத் சொன்னதை நீயும் கேட்டாய்தானே?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ஏறினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே வேகத்தில், பக்கத்தில் பக்கத்தில் எங்கேயும் போனதில்லை. தெருவில் அவள் எப்போதும் எனக்காக நின்று நின்று வருவாள். இன்று ஏழு சுற்றும் சேர்ந்தே போனோம். "நடந்தும், மெலிந்த ஒட்டகங்களின் மீதும் வருவார்கள்" என்ற ஹஜ் அத்தியாயத்து ஆயத்தை அவள் ஓதினாள், நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

நாளை மதியம் ஜித்தாவிலிருந்து விமானம். வீல்சேரின் கால்மிதிகளைக் கழற்றியாகிவிட்டது. ஊருக்குப் போனதும் ஹஜ்ஜுக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று இரவு சாப்பாட்டின்போது பேச்சு வந்தது. முஸ்தலிஃபாவில் திறந்த வெளியில் தங்கும்போது காலிப்பரைக் கழற்றி எங்கே வைப்பது, மினாவில் கூடாரத்திலிருந்து ஒளு செய்யும் இடம் எவ்வளவு தூரம், ஜமராத்தில் கல்லெறிய எந்தத் தளம் வீல்சேருக்கு எளிது, என் சார்பில் மருமகன் எறியலாமா. கேள்விகளை அவன் போனில் எழுதிக்கொண்டிருக்கிறான். ஹஜ்ரத் நாளைக் காலை சுபுஹுக்குப் பிறகு உட்காரலாம் என்றிருக்கிறார்.